ஹீற்றரைப் போட்டால் குளிர்காற்று வருகிறதா? யாழ்ப்பாணத்துக் கார்க்காரருக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கார் ஹீற்றரைப் பற்றி யாராவது எழுதுவார்களா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஏசி ஒருநாள் மக்கர் பண்ணினால் அன்றைக்கே கராஜுக்கு ஓடுகிற நாங்கள், ஹீற்றர் என்று ஒன்று காரில் இருப்பதையே வருடக்கணக்காக மறந்துவிடுகிறோம். பிறகு மார்கழி விடுமுறைக்குப் பிள்ளைகளையும் மாமியையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்கு வெளிக்கிடுவோம். வவுனியா, தம்புள்ளை, கண்டி வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. ரம்பொடை ஏற்றத்தில் மழையும் புகாருமாக முன் கண்ணாடி உட்பக்கம் வெள்ளையாகி வழி தெரியாமல் போகும்போதுதான் அந்தக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்புகிறோம், வருவது பச்சைக் குளிர்காற்று.

மலைநாட்டுப் பக்கமே போவதில்லை என்கிறவர்களும் இதைப் படிக்கலாம், ஏனென்றால் ஹீற்றர் தனி இயந்திரம் இல்லை. எஞ்சினைக் குளிர்விக்க ஓடுகிற அதே தண்ணிதான் இரண்டு ஹோஸ் வழியாக டாஷ்போட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு குட்டி ரேடியேற்றருக்குள் போய்த் திரும்பி வருகிறது. அதை ஹீற்றர் கோர் என்பார்கள். புளோவர் அதன் மேல் காற்றை அடித்துவிட, எஞ்சினின் சூடு உள்ளே வருகிறது. அவ்வளவுதான். ஆகவே ஹீற்றரில் சூடு வரவில்லை என்றால் ஒன்று சூடான தண்ணி அந்தக் கோர் வரைக்கும் போகவில்லை, அல்லது போகிறது ஆனால் காற்று அதன்மேல் படவில்லை. முதலாவதுதான் காரணம் என்றால் உங்கள் எஞ்சினின் குளிர்விப்பில் ஏதோ கோளாறு இருக்கிறது, அது இங்கத்தைய வெயிலில் ஒருநாள் பெரிய செலவாக வரும். ஹீற்றரைப் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

பொனற்றைத் திறக்க முதல்

எஞ்சின் சூடாக இருக்கவேண்டும். ஸ்ரார்ட் பண்ணி இரண்டு நிமிடத்தில் சூட்டுக்காற்று வராது, அநேகமான கார்களில் வராது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிவிட்டுப் பாருங்கள். சூட்டு முள் இருக்கிற கார் என்றால் அது நடுவுக்குக் கிட்ட வந்து நிற்கவேண்டும். இப்போதைய பல யப்பான் கார்களில் முள்ளே இல்லை, குளிராக இருக்கும்போது எரிகிற ஒரு நீல விளக்கு மட்டும் இருக்கும். அது அணைந்த பிறகுதான் ஹீற்றரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாம்.

அடுத்தது, குமிழைச் சிவப்புப் பக்கம் முழுதாகத் திருப்புங்கள், டிஜிற்றல் என்றால் மேலே கடைசி வரைக்கும் ஏற்றுங்கள், ஏசி சுவிச்சை அணையுங்கள். புளோவரை நடுவேகத்தில் விட்டு, கால்பக்கம் காற்று வரும்படி மாற்றி, அங்கே கையை வையுங்கள். முகத்துக்கு நேரே உள்ள துவாரத்தில் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், சில கார்களில் அதற்குக் குளிர்ந்த காற்றையே கொஞ்சம் கலந்து விடுவார்கள். இன்னொன்று, வெப்ப நாடுகளுக்கென்று செய்த மலிவான மொடல்கள் சிலவற்றில் ஹீற்றரே வைப்பதில்லை. குமிழில் சிவப்புப் பக்கமே கிடையாது என்றால் தேடி மினக்கெட வேண்டாம்.

காற்றே சாடையாகத்தான் வருகிறதா? அப்படியானால் டாஷ்போட் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற கபின் பில்ரரைக் கழற்றிப் பாருங்கள். அநேகமான கார்களில் பெட்டியின் இரண்டு பக்கத்தையும் உள்ளுக்கு அமத்தினால் அது கீழே தொங்கும், பின்னால் பில்ரரின் மூடி தெரியும், ஸ்பெனர்கூடத் தேவையில்லை. வேப்பமரத்துக்குக் கீழே நிற்பாட்டுகிற கார் என்றால் உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. புளோவர் எல்லா வேகத்திலும் செத்துக் கிடந்தால் பியூஸ், மோட்டர் என்று அது வேறு கதை, இந்தக் கட்டுரை காற்று நன்றாக வந்தும் சூடு வராதவர்களுக்கானது.

தண்ணி மட்டம்

இனிப் பொனற். ஆனால் இது அடுத்தநாள் காலை, எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு செய்கிற வேலை. சூடான ரேடியேற்றரின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கிற தண்ணி நூறு பாகைக்கு மேல் போயும் கொதிக்காமல் இருக்கும், மூடி விட்ட அந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். துணி போட்டுத் திறக்கலாம் என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஆறிய பிறகு இரண்டு இடத்தைப் பாருங்கள். றிசேர்வ் போத்தலில் தண்ணி மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையில் இருக்கவேண்டும். அதோடு நிற்காமல், ரேடியேற்றரில் மூடி இருந்தால் அதையும் திறந்து உள்ளே பாருங்கள். போத்தல் நிறைய இருக்கும், ரேடியேற்றர் பாதி வெறுமையாக இருக்கும், இது அடிக்கடி நடப்பது. மூடியின் றப்பர் வெடித்திருந்தால் சூடாகும்போது போத்தலுக்குப் போகிற தண்ணி ஆறும்போது திரும்பி வராது. மூடியில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும், அது தாங்குகிற அழுத்தம். வாங்கும்போது அதே எண்ணைப் பார்த்து வாங்குங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணி ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். கெட்டுப்போன மூடியோடு அந்த ஏற்றத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

தண்ணி குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது ஹீற்றர் கோர்தான். பல கார்களில் அது எஞ்சினின் மற்றப் பகுதிகளைவிட உயரத்தில் இருப்பதால் காற்று அங்கே போய்த் தங்கிவிடும். நிற்கும்போது குளிர், அக்சிலரேற்றரை மிதித்தால் கொஞ்சம் சூடு, விட்டால் திரும்பவும் குளிர் என்று இருந்தால் அநேகமாக இதுதான்.

குறைந்திருந்தால் நிரப்பலாம், ஆனால் எங்கே போனது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. மூடிய சுற்றில் ஓடுகிற தண்ணி தானாகக் குறையாது. ஹோஸ் முனைகள், வோட்டர் பம்பின் கீழ்ப்பக்கம், ரேடியேற்றரின் ஓரம் எல்லாம் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ காய்ந்த தடம் இருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள். காருக்குள் இடதுபக்க இருக்கைக்குக் கீழே காப்பெற் ஈரமா? ஏசித் தண்ணியும் அங்கேதான் ஒழுகும், விரலில் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஏசித் தண்ணி வெறும் தண்ணி. எஞ்சினைக் குளிர்விக்க விடுகிற கூலன்ற் என்ற திரவம் வழுவழுப்பாக, இனிப்பு மணத்தோடு இருக்கும், கண்ணாடியின் உட்பக்கம் துடைக்கத் துடைக்க எண்ணெய்ப் பாடையும் விடும். அப்படியென்றால் கோர் ஓட்டை. வெளியிலும் ஒழுக்கு இல்லை, உள்ளேயும் இல்லை, ஆனால் தண்ணி குறைந்துகொண்டே போகிறது, எஞ்சின் எண்ணெய் பால்தேநீர் நிறத்துக்கு மாறுகிறது, அல்லது மூடியைத் திறந்து ஸ்ரார்ட் பண்ணினால் குமிழி விட்டுக்கொண்டே இருக்கிறது என்றால் எஞ்சினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையில் அடைத்து வைத்திருக்கிற ஹெட் காஸ்கற்றைச் சந்தேகியுங்கள். அது வீட்டில் திருத்துகிற சாமான் இல்லை.

இரண்டு ஹோஸும் சொல்வது

எல்லாச் சோதனையிலும் எனக்குப் பிடித்தது இதுதான், ஒரு கருவியும் தேவையில்லை, காரணத்தில் பாதியைக் கழித்துவிடும். எஞ்சின் நன்றாகச் சூடாகி, ஹீற்றர் முழுச் சூட்டில் இருக்கும்போது பொனற்றைத் திறந்து, எஞ்சினுக்கும் உட்பக்கத்துக்கும் இடையிலுள்ள தகரச் சுவரைப் பாருங்கள். பெருவிரல் மொத்தத்தில் இரண்டு கறுப்பு ஹோஸ் அருகருகே அதற்குள் நுழையும். தடித்த துணியால் ஒவ்வொன்றையும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள், வெறுங்கையால் பிடித்தால் சுடும். சால்வை, தாவணி, தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுக் குனியுங்கள். மின்விசிறி எப்போது சுற்றும் என்று சொல்லமுடியாது, எஞ்சினை அணைத்த பிறகும் சில கார்களில் சுற்றும்.

இரண்டும் சூடாக இருந்தால் நல்ல செய்தி, தண்ணி வந்து போகிறது. டாஷ்போட்டுக்குள் குளிரையும் சூட்டையும் கலக்கிற கதவு திரும்பவில்லை என்று அர்த்தம். அந்தக் கதவைப் பழைய கார்களில் ஒரு கம்பியும் புதிய கார்களில் ஒரு சின்ன மோட்டரும் திருப்பும். குமிழைத் திருப்பும்போது டாஷ்போட்டுக்குள் "டிக் டிக் டிக்" என்று கேட்டால் அந்த மோட்டரின் பல் தேய்ந்துவிட்டது.

ஒன்று சூடு, மற்றது குளிர் அல்லது இளஞ்சூடு என்றால் கோர் அடைத்திருக்கிறது, அல்லது சில கார்களில் அந்த ஹோஸில் இருக்கிற வால்வு திறக்கவில்லை. வால்வுக்குக் கம்பி வருகிறதா, குமிழைத் திருப்பும்போது அது அசைகிறதா என்று ஒராளை உள்ளே இருத்திப் பார்க்கலாம்.

இரண்டுமே குளிர் என்றால் தண்ணி குறைவு, காற்று அடைப்பு, தேர்மோஸ்ரற், வோட்டர் பம்ப், இந்த வரிசையில் தேடுங்கள்.

நாலாவதாக ஒன்று இருக்கிறது. எங்கள் ஊரில் அதுதான் நிறைய. சுவரில் இரண்டு உலோகக் குழாய் முனை வெறுமையாக நீட்டிக்கொண்டிருக்கும், எஞ்சின் பக்கத்து ஹோஸ் இரண்டையும் ஒரு துண்டுக் குழாயால் வளைத்து ஒன்றோடொன்று கோத்திருப்பார்கள். கோர் ஒழுகியபோது டாஷ்போட்டைக் கழற்றுகிற பெரிய வேலைக்குப் பயந்தோ, ஏசி இன்னும் குளிரட்டும் என்றோ யாரோ செய்த வேலை. "தம்பி, இந்த வெயிலுக்கு ஹீற்றர் எதுக்கு?" என்று கேட்டிருப்பார்கள், காரின் அப்போதைய சொந்தக்காரரும் தலையாட்டியிருப்பார். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடியதால் நீங்கள் வாங்கிய காரில் யார் எதை வெட்டி ஒட்டினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. இதை நான் பெரிய குற்றம் என்று சொல்லமாட்டேன். தரமான ஹோஸ், நல்ல கிளிப் போட்டு ஒழுங்காகச் செய்திருந்தால், ஊருக்குள் மட்டும் ஓடுகிற காருக்கு அது போதும். ஆனால் வாங்குகிற ஆளிடம் சொல்லவேண்டும், அதுதான் நடப்பதில்லை.

கிணற்றுத் தண்ணி

கோர் ஏன் அடைக்கிறது? குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல். எங்கள் கிணற்றுத் தண்ணி அந்தக் கல்லுக்குள்ளால் வருவது. கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, ரேடியேற்றருக்குள் கிணற்றுத் தண்ணியை விட்டால் அங்கேயும் அதே படிவுதான். ரேடியேற்றர் பெரியது, கொஞ்சம் தாங்கும். ஹீற்றர் கோரின் குழாய்கள் மெல்லியவை, ஹீற்றரையே போடாத ஊரில், வால்வு உள்ள கார்களில் தண்ணி மாதக்கணக்காக அதற்குள் அசையாமல் கிடக்கும், துருவும் கல்லும் அங்கே போய்த் தங்கும். தீவுப்பகுதி, கரையோரம் என்று உவர்த் தண்ணி உள்ள இடங்களில் இன்னும் மோசம், உப்பு அலுமினியத்தை அரிக்கும். "எங்கட கிணறு நல்ல தண்ணி" என்பது குடிப்பதற்கான சான்றிதழ். எஞ்சினுக்கு அது போதாது.

விடவேண்டியது கூலன்ற். கலந்து விற்பதை வாங்கினால் அப்படியே விடலாம். அடர்த்தியானதை வாங்கினால் வடித்த தண்ணியில் பாதிக்குப் பாதி கலக்குங்கள், பற்றரிக்கு விடுகிற வடித்த தண்ணி போதும், ஆனால் பற்றரி அமிலப் போத்தலை மாறி எடுத்துவிடாதீர்கள். இங்கே தண்ணி உறையாதே, கூலன்ற் எதற்கு என்று கேட்பார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டும்தான், அதில் துருப்பிடிக்காமல் காக்கிற மருந்தும் இருக்கிறது, கொதிநிலையையும் அது கூட்டும். பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து மட்டும் கலக்காதீர்கள், காரின் கையேட்டில் சொன்ன வகையைப் பாருங்கள். பழைய கூலன்றை முற்றத்தில் ஊற்றவேண்டாம். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், அது கொல்லும் நஞ்சு.

அடைத்த கோரைக் கழுவலாம். எஞ்சின் ஆறிய பிறகு இரண்டு ஹோஸையும் சுவர்ப்பக்கம் கழற்றி, தண்ணி வெளியே வருகிற குழாய்க்குள் தோட்டத்துக் குழாயால் மெதுவாகத் தண்ணி விடுங்கள், எதிர்த்திசையில் போனால்தான் அடைப்பு வந்த வழியே திரும்பும். முதலில் கோப்பி நிறத்தில் வரும், பிறகு செதில் செதிலாக வரும், தெளியும்வரை விட்டு, திசையை மாற்றி இன்னொரு முறை விடுங்கள். சேர்விஸ் நிலையத்து அழுத்தக் குழாயை அதற்குள் பிடிக்காதீர்கள், கோர் வெடித்து டாஷ்போட்டுக்குள் குளமாகும். கழிவறை கழுவுகிற அமிலம் விட்டால் கல் கரையும் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். கல்லோடு அலுமினியமும் கரையும். கடைசியாக வடித்த தண்ணியால் ஒருமுறை அலசிவிடுங்கள், கழுவியதும் கிணற்றுத் தண்ணிதானே.

பழைய ஒஸ்ரின், மொறிஸ் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் காரில் ஹீற்றர் இருந்தால், அந்தக் குழாய் முனைகளில் ஹோஸ் பலகாலம் ஒட்டிப்போயிருக்கும். இழுக்காதீர்கள். ஹோஸை நீளவாக்கில் வெட்டி எடுத்துப் புதிது போடுங்கள், குழாய் முறிந்தால் கோர் தேடி அலையவேண்டும்.

தேர்மோஸ்ரற்றைக் கழற்றியிருக்கிறார்களா?

எஞ்சின் சூடாகும்வரை ரேடியேற்றருக்குத் தண்ணி போகாமல் மறித்து வைத்திருப்பது தேர்மோஸ்ரற். பல கார்களில் 82 பாகையிலிருந்து 88 பாகைக்குள் திறக்கும், எண் அதிலேயே பொறித்திருக்கும். "வெயில் நாட்டுக்கு இது தேவையில்லை" என்று அதைக் கழற்றி எறிகிற பழக்கம் எங்கள் கராஜ்களில் இன்னும் இருக்கிறது. ஹோஸை வளைத்துக் கட்டுவதை மன்னித்தாலும் இதை மன்னிக்கமுடியாது. தண்ணி எந்நேரமும் ரேடியேற்றருக்குள் ஓடும், எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வராது, இன்னும் குளிராக இருக்கிறோம் என்று நினைத்து கொம்பியூட்டர் பெற்றோலைக் கூடுதலாக ஊற்றும், எஞ்சினும் தேயும். சில எஞ்சின்களில் தேர்மோஸ்ரற் இல்லாவிட்டால் சுற்றுவழி மூடாமல் பாதித் தண்ணி ரேடியேற்றருக்கே போகாமல் திரும்பிவிடும், குளிர வைக்கப் போய்க் கொதிக்க வைத்த கதைதான்.

கண்டுபிடிப்பது சுலபம். நின்று கொண்டிருக்கும்போது ஹீற்றர் ஓரளவு சூடு, ஏ9 வீதியில் வேகமாக ஓடும்போது குளிர் என்றால் தேர்மோஸ்ரற் திறந்தபடி இறுகியிருக்கிறது அல்லது இல்லவே இல்லை. அணைந்த நீல விளக்கு ஓட்டத்தில் திரும்ப எரிந்தாலும் இதுதான். காரின் கோளாறைக் கருவி மாட்டிப் பார்க்க வைத்திருக்கிற ஓபிடி துவாரத்தில் மாட்டுகிற சின்ன புளூருத் கருவி ஒன்று வாங்கினால் தண்ணியின் சூட்டைக் கைபேசியிலேயே பார்க்கலாம், ஆனையிறவு வெட்டையில் ஓடும்போது எழுபது பாகையைத் தாண்டவில்லை என்றால் வேறு சாட்சி தேவையில்லை. கழற்றிய தேர்மோஸ்ரற்றைச் சோதிக்க, சமையலுக்கு இனி எடுக்காத ஒரு பழைய சட்டியில் தண்ணியோடு அடுப்பில் வையுங்கள். குளிர்ந்த தண்ணியில் மூடியிருக்கவேண்டும், கொதி வருவதற்குள் திறக்கவேண்டும். மாற்றும்போது அதன் றப்பர் வளையத்தையும் மாற்றுங்கள், சிறு துவாரம் மேற்பக்கம் வருகிறதா என்று பாருங்கள், அது காற்று போகிற வழி.

அக்குவா, பிறியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் எஞ்சின் அடிக்கடி நிற்பதால் ஹீற்றர் மந்தமாக இருப்பது இயல்பு. ஈகோ மோட்டை அணைத்துவிட்டு, ஹீற்றரை உச்சத்தில் வைத்தால் எஞ்சின் தானாக ஸ்ரார்ட் ஆகும். உயர் மின்னழுத்தம் ஓடுகிற செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடவேண்டாம்.

காற்றை வெளியேற்றுதல்

தண்ணிச் சுற்றைத் திறந்து எந்த வேலை செய்தாலும் கடைசியில் காற்றை எடுக்கவேண்டும். எத்தனையோ பேர் புதுத் தேர்மோஸ்ரற் போட்டும் ஹீற்றர் குளிர்கிறது என்று அலைவது இந்தக் கடைசி வேலையைச் செய்யாததால்தான். மேடான இடம் எங்கள் ஊரில் கிடைக்காது, முன் சில்லு இரண்டையும் ஏற்றப் பலகையில் ஏற்றி மூக்கை உயர்த்துங்கள், பின் சில்லுக்குக் கல் வையுங்கள், கைபிரேக்கை இழுங்கள். எஞ்சின் ஆறியிருக்க, மூடியைத் திறந்து நிரம்பக் கூலன்ற் விட்டு, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து ஸ்ரார்ட் பண்ணி மெல்ல ஓடவிடுங்கள். குமிழி வரும், மட்டம் இறங்கும், நிரப்புங்கள். இடையிடையே ரேடியேற்றரின் மேல் ஹோஸைக் கையுறை போட்டு அமத்தி விட்டால் ஒளிந்திருந்த காற்று "குளுக்" என்று வெளியே வரும். குமிழி நின்று, தண்ணி சூடேறி மேலே பொங்கத் தொடங்கும்போது மூடிவிடுங்கள், பிறகு அன்றைக்கு அதைத் திறக்காதீர்கள். மின்விசிறி ஒன்றிரண்டு தரம் சுற்றி நிற்கும்வரை ஓடவிட்டு ஹீற்றரில் கையை வைத்துப் பாருங்கள். காற்றுத் திருகாணி உள்ள கார்களில் அதைத் தளர்த்தி, கூலன்ற் மட்டும் ஒழுகத் தொடங்கியதும் இறுக்கவேண்டும்.

பயணம் நாளைக்கு என்றால்

தண்ணி மட்டம் சரி, எஞ்சின் கொதிக்கவில்லை, ஹீற்றர் மட்டும் இல்லை என்றால் போகலாம். கண்ணாடி புகார் பிடித்தால் ஏசியைப் போடுங்கள். காற்றிலுள்ள ஈரத்தை எடுப்பது ஏசிதான், சூடு அதற்கு உதவி மட்டுமே. காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, உட்சுழற்சியை அணைத்து வெளிக்காற்றை எடுக்கவிட்டு, இரண்டு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினால் கண்ணாடி தெளியும். உள்ளே எல்லாருக்கும் குளிரும், சுவெற்றர் போட்டுக்கொள்ளட்டும். தண்ணி குறைந்துகொண்டு போகிறது என்றால் அந்தக் காரோடு கண்டிக்கு அப்பால் ஏறாதீர்கள், வானைப் பிடியுங்கள். நுவரெலியாவில் தங்க இடம் கிடைக்கவில்லை என்று எஞ்சினை ஓடவிட்டு, ஜன்னலை மூடி, ஹீற்றரோடு காருக்குள் நித்திரை கொள்வது ஹீற்றர் நன்றாக வேலை செய்கிற காரிலும் கூடாது. புகைக்குழாயில் ஒழுக்கு இருந்தால் மணமில்லாத காபன் மொனொக்சைட் உள்ளே வரும், எழும்பமாட்டீர்கள்.

திருத்தி முடித்த காரை உடனே மலைக்கு எடுக்காமல் முதலில் கிளிநொச்சி வரைக்கும் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வாருங்கள். மறுநாள் காலை, ஆறிய எஞ்சினில் மட்டம் பாருங்கள், மிச்சக் காற்று போனதால் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும், நிரப்பிவிடுங்கள். அதற்கு அடுத்த நாளும் இறங்கியிருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது, ஹோட்டல்காரருக்கு அழைத்துத் திகதியை மாற்றிவிட்டு, முதலிலிருந்து தேடத் தொடங்குங்கள்.